தங்கத்தோடு நசுங்கிய லிங்கன்: ‘கோல்ட்ஃபிங்கர்’ காட்சியின் எடைக் கணக்கு

‘கோல்ட்ஃபிங்கர்’ என்ற ஜேம்ஸ் பாண்டு படத்தில் மிஸ்டர் சோலோ என்ற தாதாவுக்கு வில்லன் பத்து லட்சம் டாலர் தரவேண்டியிருக்கிறது. இன்றே வாங்கினால் பத்து லட்சம், ஒரு நாள் பொறுத்தால் ஒரு கோடி என்று கூடியிருக்கும் தாதாக்களிடம் வில்லன் பேரம் பேசுகிறான். சோலோவுக்குப் பொறுமை இல்லை. தன் பங்கைத் தங்கமாகவே வாங்கிக்கொண்டு, 1964 மாடல் லிங்கன் காண்டினென்டல் செடான் ஒன்றில் விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார். வண்டியை ஓட்டுபவன் வில்லனின் கையாள் ஆட்ஜாப். வழியில் சோலோவைச் சுட்டுவிட்டு, காரை ஒரு ஸ்கிராப் யார்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறான். கிரேன் காரைத் தூக்குகிறது, அழுத்தும் எந்திரம் அதை மடக்கி நசுக்குகிறது. வெளியே வரும் இரும்புக் கட்டி ஃபோர்டு ஃபால்கன் ராஞ்செரோ என்ற சிறிய சரக்கு வண்டியின் பின்தொட்டியில் இறங்க, ஆட்ஜாப் அதை ஓட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறான்.

இந்தக் காட்சியில் நம்மை இன்றும் பதறவைப்பது கார் நசுங்கும் சத்தமும் தோற்றமும்தான். அவற்றில் கார் நசுங்குவது உண்மை. மயாமியில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு யார்டில், நிஜமான லிங்கனை நிஜமான எந்திரத்தில் போட்டு எடுத்த காட்சி அது. சத்தத்துக்குப் பின்னால் ஒலி வல்லுநர் நார்மன் வான்ஸ்டால் இருக்கிறார். இந்தப் படத்தின் ஒலி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கியவர். பொய் இருப்பது ஓரிடத்தில் மட்டும். அது எடை. தங்கத்தின் எடை, காரின் எடை, கட்டியின் எடை, அந்தக் கட்டியைத் தூக்கிச் செல்லும் வண்டியின் தாங்குதிறன் என்று வரிசையாகக் கணக்குப் போட்டால், காட்சியின் ஒவ்வொரு அடியிலும் எடை காணாமல் போயிருப்பது தெரியும். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள முதலில் அந்தக் கார் என்ன மாதிரியான கார் என்று தெரியவேண்டும்.

நசுக்கப்பட்டது எந்தக் கார்

1950-களின் கடைசியில் லிங்கன் பிராண்டு ஃபோர்டுக்குத் தலைவலியாக இருந்தது. 1958 முதல் 1960 வரை வந்த லிங்கன்கள் 227 அங்குலத்துக்கும் மேல் நீண்ட ராட்சதக் கார்கள். விற்பனை குறைந்தது, நஷ்டம் ஏறியது, பிராண்டையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. அப்போது ஃபோர்டின் மூத்த நிர்வாகியாக இருந்த ராபர்ட் மெக்னமாரா, வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் செய்து வைத்திருந்த ஒரு களிமண் மாதிரியைப் பார்த்தார். அது ஃபோர்டின் இன்னொரு காரான 1961 தண்டர்பேர்டுக்காக வரைந்த இரண்டு கதவு வடிவம். இதை நீட்டி நான்கு கதவு லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். 1961 லிங்கன் காண்டினென்டல் பிறந்தது இப்படித்தான். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மெக்னமாரா கென்னடி அரசின் பாதுகாப்பு அமைச்சராகிவிட்டார்.

புதிய காரின் நீளம் 212.4 அங்குலம். முந்தைய மாடலைவிட ஏறத்தாழ 15 அங்குலம் குட்டை. அமெரிக்காவில் ஆடம்பரக் கார் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போன காலத்தில் இது துணிச்சலான முடிவு. பக்கவாட்டில் வால்துடுப்பு கிடையாது, குரோம் அலங்காரக் குவியல் கிடையாது. பக்கவாட்டின் மேல்விளிம்பை ஒட்டி முன்னிருந்து பின்வரை ஓடும் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு மட்டும். அந்தத் தலைமுறை அமெரிக்கக் கார்களில் இன்றும் பழசாகத் தெரியாத ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டவேண்டும்.

பின்கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்கி, முன்கதவுகளுக்கு எதிர்த்திசையில் திறப்பதை எல்லோரும் ஆடம்பரத்துக்காகச் செய்தது என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது ஒரு நடைமுறைத் தீர்வு. அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 123 அங்குலமாகச் சுருக்கியபோது பின்கதவுக்கான இடைவெளி குறுகிவிட்டது. மாதிரி வண்டியில் பின்னிருக்கையிலிருந்து இறங்கும்போது கால் கதவில் இடித்தது. கீலைப் பின்னுக்கு மாற்றியதும் கால் வைக்கும் வழி திறந்துகொண்டது.

1964-இல் அச்சுத் தூரம் 126 அங்குலமாக, அதாவது 3.2 மீட்டராக, வளர்ந்தது. கூடிய மூன்று அங்குலமும் பின்னிருக்கைக்காரரின் காலுக்குப் போனது. மொத்த நீளம் 216.3 அங்குலம், ஏறத்தாழ 5.5 மீட்டர். வளைந்த பக்கக் கண்ணாடிகள் போய்த் தட்டைக் கண்ணாடிகள் வந்தன. சக்கரம் 14 அங்குலத்திலிருந்து 15 அங்குலமானது. பானெட்டுக்கு அடியில் 430 கன அங்குல வி-8 எஞ்சின், ஏறத்தாழ 7 லிட்டர், 320 குதிரைத்திறன், நான்கு தொண்டை கார்ட்டர் கார்புரேட்டர், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இந்த எஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. சிலிண்டர் தலையின் அடிப்பக்கம் தட்டை. எரிகலன் தலைக்குள் இல்லாமல், சாய்வாக வெட்டிய பிளாக்கின் மேற்புறத்தில் சிலிண்டருக்குள்ளேயே அமைந்திருக்கும். பெரிய வார்ப்பிரும்புப் பிளாக். எஞ்சின் மட்டும் 300 கிலோவுக்கு மேல்.

காரின் மொத்த எடை 5,000 பவுண்டைத் தாண்டியது. கிலோவில் ஏறத்தாழ 2,290. இத்தனைக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டுப் பெட்டிகள், கூரை எல்லாம் ஒரே கூடாகப் பற்றவைத்த யூனிபாடி. கூரையில்லாத கன்வெர்டிபிள் மாடலையும் அதே அடிப்பகுதியில் கட்டவேண்டியிருந்ததால் தரைக் கட்டமைப்பில் தடித்த இரும்பு நிறைய.

மிச்சிகனில் விக்ஸம் ஆலையில் இந்தக் கார்களைக் கட்டிய விதமும் சொல்லத்தக்கது. ஒவ்வொரு எஞ்சினையும் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்து, பிரித்துச் சோதித்து, மறுபடி பூட்டினார்கள். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் கசிவைத் தேடினார்கள். முடிந்த கார் ஒவ்வொன்றும் 12 மைல் சாலையில் ஓடிய பிறகே வெளியே போனது. 24 மாதம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். 1961-இல் இந்தக் கார் வந்தபோது அமெரிக்காவில் வேறு யாரும் அவ்வளவு தரவில்லை. 1964 செடானின் விலை 6,292 டாலர். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒன்று சில நொடிகளில் மடிகிறது என்பதால்தான் அந்தக் காட்சி கார் பிரியர்களுக்கு வலிக்கிறது.

ஃபோர்டு இந்தப் படத்துக்குத் தாராளமாக வண்டிகள் கொடுத்தது. சுவிஸ் மலைச் சாலையில் வரும் மஸ்டாங், சோலோவின் லிங்கன், கட்டியைச் சுமக்கும் ராஞ்செரோ, பாண்டின் சி.ஐ.ஏ. நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டர் வரும் தண்டர்பேர்டு எல்லாமே அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. சோலோவின் சட்டைப்பையில் பாண்டு செருகிய சிக்னல் கருவியைப் பின்தொடர்ந்து தண்டர்பேர்டு லிங்கனைத் துரத்துகிறது. கார் நசுங்கியதும் சிக்னல் அறுந்துபோகிறது. துரத்திய கார், துரத்தப்பட்ட கார் இரண்டு மாடல்களையும் கட்டியது விக்ஸம் ஆலைதான் என்பது படத்தில் யாரும் கவனிக்காத தகவல்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். படப்பிடிப்பு மயாமியில் தொடங்கியது 1964 ஜனவரியில். கென்னடி டல்லாஸில் சுடப்பட்டது 1963 நவம்பர் 22. அவர் அமர்ந்திருந்தது 1961 லிங்கன் காண்டினென்டலை நீட்டி மாற்றிய திறந்த கார். படம் வெளியான 1964-இல் அமெரிக்கப் பார்வையாளருக்கு லிங்கனின் பின்னிருக்கையில் ஒருவர் சுடப்படுவது சாதாரணக் காட்சியாக இருந்திருக்காது.

டிக்கியில் எவ்வளவு தங்கம்

1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க அரசு தங்கத்துக்கு ஒரு ட்ராய் அவுன்ஸ் 35 டாலர் என்று விலை வைத்தது. 1964-லும் அதே விலை. ஆக, பத்து லட்சம் டாலர் என்றால் 28,571 அவுன்ஸ். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். மொத்தம் 889 கிலோ.

வங்கிகளும் அரசுகளும் வைத்திருக்கும் பெரிய கட்டி ஏறத்தாழ 400 அவுன்ஸ், 12.4 கிலோ. சோலோவுக்குச் சேரவேண்டியது அப்படி 71 கட்டிகள். ஒரு கட்டியின் விலை 14,000 டாலர். அந்த ஒரு கட்டியைக் கொடுத்தால் இரண்டு புது லிங்கன் வாங்கிக்கொண்டு மிச்சமும் வாங்கலாம். காரை நசுக்க வில்லன் கொஞ்சமும் தயங்காததற்கு இந்தக் கணக்கு போதும். அமெரிக்காவில் தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பது 1933 முதல் 1974 முடியும்வரை சட்டவிரோதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோலோ கட்டியோடு விமான நிலையம் போய்ச் சேர்ந்திருந்தாலும் அதைச் சொந்த ஊரில் வெளிப்படையாக விற்க வழியில்லை.

தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 889 கிலோ தங்கம் 46 லிட்டர் இடத்தைத்தான் பிடிக்கும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைவிடச் சற்றுக் கூடுதல். லிங்கனின் டிக்கியில் அது ஒரு மூலையில் அடங்கிவிடும். இடப் பிரச்சினை கிடையாது. பிரச்சினை முழுவதும் பாரத்தில்.

டிக்கி பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. தங்கத்தின் மையம் அச்சிலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சுத் தூரம் 320 சென்டிமீட்டர். நெம்புகோல் விதிப்படி பின் அச்சில் கூடும் பாரம் 889-ஐ 400-ஆல் (320 + 80) பெருக்கி 320-ஆல் வகுத்தால் கிடைப்பது: 1,111 கிலோ. முன் அச்சில் 222 கிலோ குறைகிறது. காலியான காரில் பின் அச்சு ஏறத்தாழ 1,050 கிலோ தாங்கிக்கொண்டிருந்தது என்றால், இப்போது 2,160. இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்படி ஏற்றிய லிங்கன் எப்படி நடந்துகொள்ளும்? பின்பக்கக் கமான் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) நிமிர்ந்து, எதிர்ப்புறமாக வளைந்து, அச்சு ரப்பர் தடுப்பில் போய் முட்டும். அதன் பிறகு சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேரே உடற்கூட்டுக்குப் போகும். மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தில் பாரம் குறைவதால் ஸ்டீயரிங் பிடிமானம் இழக்கும். பின் டயர் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும்; அக்காலத்து நான்கு அடுக்கு டயருக்கு அது தாங்காது. பக்கச்சுவர் பிதுங்கிச் சூடேறும், வேகத்தில் வெடிக்கும்.

பிரேக்தான் மிகவும் ஆபத்தான பகுதி. லிங்கனுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் 1965 மாடலில்தான் வந்தது. 1964-இல் நான்கு சக்கரத்திலும் டிரம். பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போகும். இரண்டு பேரோடு 2,450 கிலோ இருந்த வண்டி தங்கத்தோடு 3,340 ஆகிறது. ஒரே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் கூடுகிறது. டிரம் சூடாகி விரிந்தால் லைனிங் பிடிக்காது, மிதி கீழே இறங்கிக்கொண்டே போகும். திரையிலோ லிங்கன் பின்புறம் தாழாமல், காலி வண்டிக்குரிய மிதப்போடு ஓடுகிறது.

இதே படத்தில் எடையை மறைக்கும் இன்னொரு கார் இருக்கிறது. வில்லனின் 1937 ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேண்டம் 3. அதன் உடலையே தங்கத்தில் செய்து கடத்துகிறான். அங்கே தங்கம் வண்டி முழுவதும் பரவியிருக்கிறது, அச்சு இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். கடத்தலுக்கு அது நல்ல யோசனை. டிக்கியில் குவிப்பது மோசமான யோசனை.

அழுத்தும் எந்திரத்துக்குள்

யார்டில் ஒரு காரை அப்படியே எந்திரத்துக்குள் போடமாட்டார்கள். முதலில் பேட்டரி கழற்றப்படும். பெட்ரோல் டேங்க் வடிக்கப்பட்டு வெளியே வரும். மூடிய டேங்கில் ஆவி இருந்தால் நசுக்கும்போது தீப்பிடிக்கும். செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர் தனி விலைக்குப் போகும். டயர்கள் கழலும். இருக்கைத் துணி, பஞ்சு, ரப்பர் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் வெட்டவெளியில் தீவைத்து எரித்துவிடுவது வழக்கம்.

எஞ்சினைக் கட்டாயம் எடுத்துவிடுவார்கள். காரணம் இரண்டு. வார்ப்பிரும்பு மடியாது, அழுத்தினால் உடையும் அல்லது எந்திரத்தின் தாடையை எதிர்த்து நிற்கும். தகட்டை மடக்குவதற்குச் செய்த எந்திரம் அதில் திணறும். இரண்டாவது, வார்ப்பிரும்புக்குத் தனிச் சந்தை உண்டு; தகட்டோடு கலந்தால் இரண்டின் மதிப்பும் குறையும். படத்தில் நசுங்கிய லிங்கனின் எஞ்சினும் முன்கூட்டியே எடுக்கப்பட்டதுதான். கிரேனில் தொங்கும்போது கவனித்தால் முன்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கலாம். ஒரு நிமிடம் முன்புவரை ஓடிவந்த கார் அது என்பது கதை.

ஹைட்ராலிக் அழுத்து எந்திரம் பொதுவாக மூன்று திசையில் வேலை செய்யும். மேல் மூடி அல்லது பக்கத் தகடு காரை மடக்கும். அடுத்த தண்டு குறுக்கே தள்ளும். கடைசித் தண்டு நீளவாக்கில் அமுக்கிக் கட்டியை இறுக்கும். யூனிபாடி இதற்கு ஏற்றது. சேசிஸ் உள்ள வண்டியில் தடித்த நீளச் சட்டங்கள் வளைய மறுத்துக் குத்திட்டு நிற்கும். லிங்கனில் எல்லாம் தகட்டுப் பெட்டிகள்தான், எத்தனை தடித்தவையாக இருந்தாலும் மடியும்.

அமெரிக்கப் பழைய இரும்பு வணிகத்தில் இந்த வகைக் கட்டிக்கு இரண்டாம் நம்பர் பண்டில் என்று பெயர். ஒரு கன அடிக்கு 75 பவுண்டுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஒரு கன மீட்டருக்கு 1,200 கிலோ. திட இரும்பு 7,850 என்பதோடு ஒப்பிட்டால், நன்றாக அழுத்திய கட்டியிலும் பெரும்பகுதி காற்றுதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் போன பின் லிங்கனில் 1,800 கிலோவாவது மிஞ்சும். அதைக் குறைந்தபட்ச அளவுக்கு அழுத்தினால் ஒன்றரை கன மீட்டர்; இன்னும் கடுமையாக அழுத்தினால் ஒரு கன மீட்டரை நெருங்கலாம்.

எஃகு ஆலைகள் இந்தக் கட்டிகளை விரும்பவில்லை. வயரிங்கிலும் மோட்டார்களிலும் உள்ள செம்பு இரும்போடு உருகிவிட்டால் பிரிக்க முடியாது. அந்த எஃகு சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். அதே ஆண்டுகளில் பழைய இரும்பை அதிகம் தின்ற திறந்த உலைகளுக்குப் பதிலாக, குறைவாகத் தின்னும் ஆக்சிஜன் உலைகள் வந்துகொண்டிருந்தன. வாங்க ஆளில்லாமல் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பழைய கார்கள் குவிந்தன. 1965-இல் நிறைவேறிய நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் விளம்பரப் பலகைகளோடு காயலான் யார்டுகளையும் குறிவைத்தது. காரைத் துண்டு துண்டாகக் கிழித்து, காந்தத்தால் இரும்பை மட்டும் பிரித்தெடுக்கும் ஷ்ரெடர் பரவியதும் இந்த நெருக்கடியில்தான். ஆகவே படம் காட்டும் அழுத்து எந்திரம், தன் தொழிலில் வழக்கொழியத் தொடங்கியிருந்த ஒன்று.

ராஞ்செரோவின் முதுகு

கதைப்படி அந்தக் கட்டிக்குள் இருப்பவை: லிங்கனின் இரும்பு 1,800 கிலோவுக்கு மேல், தங்கம் 889, சோலோ 80. எஞ்சின் இல்லையென்று சலுகை கொடுத்தாலும் 2,770 கிலோவுக்குக் குறையாது. எஞ்சினையும் சேர்த்தால் 3,260.

ஃபால்கன் ராஞ்செரோ சிறிய குடும்பக் காரின் பின்பாதியைத் திறந்த தொட்டியாக்கிய வண்டி. பண்ணையில் தீவன மூட்டை, கடையில் சில்லறைச் சரக்கு, இதுதான் அதன் வேலை. அதன் சொந்த எடையே ஏறத்தாழ 1,250 கிலோ. ஃபோர்டு அதற்கு அனுமதித்த சுமை 800 பவுண்டு, அதாவது 363 கிலோ. கட்டி அதைப்போல ஏழரை மடங்கு. நிஜத்தில் அப்படி ஒரு கட்டியைத் தொட்டியில் இறக்கினால் கிரேன் கயிறு தளர்வதற்குள் கமான் பட்டைகள் தட்டையாகி, டயர் மேல்வளைவுக்குள் புதைந்து, தொட்டியின் தரைத்தகடு பிளந்திருக்கும். படத்தில் பின்புறம் கொஞ்சம்தான் தாழ்கிறது. ஆட்ஜாப் அதைச் சாதாரணமாக ஓட்டிச் செல்கிறான். ஒரு முழு லிங்கனின் இரும்பு அந்தத் தொட்டியில் இல்லை என்பதை அந்தக் கமான் பட்டைகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

இந்த வேலைக்குச் சரியான வண்டி எது? அதே நிறுவனத்திடம் இருந்த பெரிய டிரக்குகளில் ஒன்று, ஐந்து டன் தாங்கும் தட்டை மேடை, கட்டி உருளாமல் இருக்க நான்கு மூலையிலும் சங்கிலி. ஆனால் ராஞ்செரோவை வைத்ததில் இயக்குநர் கை ஹாமில்டனின் கணக்கு வேறு என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அஞ்சரை மீட்டர் கார் ஒன்று சின்ன வண்டியின் முதுகில் அடங்கிவிடும்போது அழிவின் அளவு ஒரே ஷாட்டில் புரிந்துவிடுகிறது. பெரிய டிரக்கில் ஏற்றியிருந்தால் கட்டி சிறிதாகத் தெரிந்திருக்காது.

மிச்சமிருக்கும் லிங்கன்களை வாங்குகிறவர்களுக்கு

1964-இல் செடானும் கன்வெர்டிபிளும் சேர்ந்து 36,000-க்கும் மேல் கட்டினார்கள், பெரும்பாலானவை செடான். அவற்றில் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்கவேண்டாம், கீழே படுத்துப் பார்க்கவேண்டும். தனிச் சேசிஸ் இல்லாததால் துரு இங்கே அழகுப் பிரச்சினையாக நிற்காது, காரின் முதுகெலும்பைத் தின்னும். கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகள், முன்தரையின் இரு மூலையிலும் உடற்கூடு முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் முறுக்குப் பெட்டிகள், பின் கமான் பட்டையின் முன்நுனி மாட்டும் இடம், இந்த மூன்றையும் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே தகடு இல்லை. பிறகு நான்கு கதவையும் திறந்து ஒவ்வொன்றாகச் சாத்தவேண்டும். முன்கதவும் பின்கதவும் சந்திக்கும் நடு இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்தால் உடற்கூடு தொய்ந்திருக்கிறது.

அடுத்து வைப்பர். இந்தக் காரின் வைப்பர் மின்மோட்டாரில் ஓடாது. பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும். சத்தமில்லாமல், எந்த வேகத்துக்கும் வைத்துக்கொள்ளும்படி அருமையாக வேலை செய்யும் ஏற்பாடு. வயதானதும் அதன் சீல்கள் கசியும். ஸ்டீயரிங் எண்ணெய் அடிக்கடி குறைகிறது, ஸ்டீயரிங் பெட்டியில் ஈரமில்லை என்றால் வைப்பர் மோட்டாரைத்தான் சந்தேகிக்கவேண்டும். பலர் எரிச்சலில் மின்மோட்டாருக்கு மாற்றிவிடுகிறார்கள். சீல் மாற்றிப் பழையதையே காப்பாற்றுவது காரின் மதிப்புக்கு நல்லது. கதவுப் பூட்டுகள் வெற்றிட அழுத்தத்தில் இயங்குபவை. ரப்பர் குழாய் எங்காவது கீறியிருந்தால் பூட்டு வேலை செய்யாது. எஞ்சினின் ஐடில் ஓட்டமும் கெடும். கார்புரேட்டரைத் திருகும் முன் குழாய்களைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். அழுத்த விகிதம் 10.1 என்பதால் சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டும். பிரேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவதை மட்டும் மூலத்தன்மை பேசி யாரும் தள்ளிப்போடக்கூடாது.

கட்டியிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது

தன் தங்கத்தைச் சோலோவிடமிருந்து பிரிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு வில்லன் நகர்கிறான். அது எவ்வளவு வேலை?

தங்கம் மென்மையானது. அழுத்தத்தில் உடையாது, தங்கக் கட்டிகள் ஒன்றோடொன்று நசுங்கி, சுற்றியுள்ள தகட்டின் அச்சு பதிந்து, ஏறத்தாழ ஒரே குவியலாக இருக்கும். கொள்ளளவில் முழு இரும்புக் கட்டியின் இருபதில் ஒரு பங்கு, எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கட்டியின் எடைமையம் டிக்கி இருந்த பக்கம் வெகுவாக ஒதுங்கியிருக்கும். கிரேனில் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே வெட்டத் தொடங்கலாம்.

முழுக் கட்டியையும் உலையில் போட்டு உருக்குவதுதான் முதலில் தோன்றும் வழி, அதுதான் மிக மோசமான வழி. இரும்பு உருகும் சூட்டில் உருகிய தங்கமும் உருகிய இரும்பும் முழுமையாகக் கலந்துவிடும். பிறகு அமிலத்தில் டன் கணக்கில் இரும்பைக் கரைக்கவேண்டும். 1,064 டிகிரியில் தங்கம் உருகும், இரும்புக்கு 1,538 வேண்டும். நடுவே 1,150 டிகிரியில் நிறுத்தினால் தங்கம் மட்டும் வழியுமே என்று கேட்கலாம். வழியும். ஆனால் அந்தச் சூட்டில் செம்பு, அலுமினியம், துத்தநாகம், ஈயம் எல்லாம் உருகித் தங்கத்தோடு சேரும். அதைச் சுத்தம் செய்ய, உருகிய நிலையில் குளோரின் வாயுவைச் செலுத்தும் மில்லர் முறை வேண்டும். 1867-இல் சிட்னி நாணயச் சாலையில் உருவான முறை, 99.5 சதவீதத் தூய்மை தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வோல்வில் மின்பகுப்பு.

கையிலிருக்கும் நேரம் ஒரே இரவு, மறுநாள் காலை அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்ஸ் மீது தாக்குதல் என்றால், உலையெல்லாம் நடக்காது. ஆக்சிஜன்-அசிட்டிலின் சுடரால் கட்டியின் வெளித்தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, தங்கக் குவியலுக்கு ஒரு சாண் தூரத்தில் சுடரை நிறுத்திவிடவேண்டும். மிச்சத்தை ஹைட்ராலிக் ஜாக்கியாலும் கடப்பாரையாலும் பிளந்து, கட்டிகளைக் கையால் எடுக்கவேண்டும். ஒவ்வொன்றும் 12.4 கிலோ, 71 முறை குனியவேண்டும். ஒட்டியிருக்கும் இரும்புத் துணுக்குகளை வார்க்கும்போது வெண்காரம் (போராக்ஸ்) போட்டுக் கசடாக எடுத்துக்கொள்ளலாம்.